மீனுக்குத் தைத்த அக்கா

கடல்மீன்களை ஆராய ஊருக்கு வந்திருந்த ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருநாள் தன் தோள்பையைத் தையல்கடையில் கொடுத்தாள். ஜிப் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். சாயங்காலம் வாங்கிப் பார்த்தால் ஜிப் புதிது. பேனா குத்திக் குத்தி ஓட்டையாகிப்போன உள்துணிக்கும் ஒட்டுப் போட்டிருந்தது. கேட்டதற்கு, “எந்த ஓட்டை?” என்று தையலக்கா திருப்பிக் கேட்டார். அந்தக் கை அப்படி. கிழிசலைக் கண்டால் சும்மா இருக்காது.

துறைமுகத்துக்குப் பின்தெருவில் அக்காவின் கடை. படகுகளுக்கு மூடுதுணி, கடைகளுக்கு வெயில்மறைப்பு என்று தைப்பதெல்லாம் பெரிசு பெரிசாகத்தான். மெஷினில் உட்காரும் முன் கண்ணை மூடிக் கடவுளை நினைப்பார். அந்த நேரத்தில் யார் வந்தாலும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான், சுற்றுலாப் படகு ஓட்டும் வீட்டுக்காரர் உட்பட.

பைக்காக வந்தவள் பிறகு பேச்சுக்காகவும் வர ஆரம்பித்தாள். அவள் மனதில் இருந்தது ஒரே கவலை. வளைகுடாவின் வாய்ப்பக்கம் வருஷாவருஷம் திமிங்கலச் சுறாக்கள் வரும். பெயர்தான் பயமுறுத்தும்; பஸ் நீளத்துக்கு வளர்ந்தும் தண்ணீரில் மிதக்கும் பொடிப்பொடி உயிர்களை வடிகட்டித் தின்னும் பரம சாது. மேலாக மிதந்தபடி மெதுவாக மேயும். வேகமாக வரும் படகுக்கு அடியில் சுழலும் விசிறி அதை வெட்டிவிட்டுப் போய்விடும். அந்த இடத்தில் மட்டும் படகுகள் மெதுவாகப் போக ஒரு விதி வேண்டும் என்று, படம் எடுத்து, அறிக்கை எழுதி, துறைமுகக் குழுவிடம் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். பார்த்தார்களோ இல்லையோ, சொல்லவில்லை.

“எவ்வளவு எழுதினாலும் அவங்க கண்ணுல அது நிக்கவே மாட்டேங்குதுக்கா.”

“அளவைக் கொடு தங்கச்சி. தைச்சே காட்டிடலாம்.”

அவள் அடிக்கடி பார்த்துப் பழகிய ஒரு மீனின் உருவத்தை முழு அளவில் காகிதத்தில் வெட்டிக் கொண்டுவந்தாள். அதை வைத்து அக்கா சாம்பல்நிறத் துணியை வெட்டினார். நம் கைரேகை போல ஒவ்வொரு மீனுக்கும் புள்ளிகள் வேறு என்று கேட்டதும் அக்காவுக்குப் பயபக்தியே வந்துவிட்டது. படைத்தவன் வைத்த புள்ளி, ஒன்றுகூட இடம் மாறக்கூடாது என்று உடம்புப் புள்ளிகளின் படத்தைப் பார்த்துப் பார்த்துத் தைத்தார். வீட்டுக்காரருக்கோ மெதுவாகப் போனால் சவாரி கெடும் என்ற கடுப்பு. இவள் மீனுக்குச் சட்டை தைக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

“அதுவாவது அளவு எடுக்கும்போது வாயை மூடிக்கிட்டு இருக்கும்” என்றார் அக்கா.

குழு கூடிய நாளில் தள்ளுவண்டியில் மீன் போனது. கூடத்தில் விரித்தால் தலை குழுத் தலைவரின் மேசைக்கடியில். வால் கதவைத் தாண்டி, படி இறங்கி, தெருவில். போகிறவர் வருகிறவரெல்லாம் கூடிவிட்டார்கள். படகுக்காரர்கள் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அந்த மீனின் முதுகுத் துடுப்பில் இருந்த, காகிதத்திலும் அவள் வெட்டிக் காட்டியிருந்த வெட்டைக் காட்டத்தான் ஆராய்ச்சிக்காரப் பெண் குனிந்தாள். வெட்டைக் காணோம். அந்த இடத்தில் நேர்த்தியான ஒரு ஒட்டுத்தையல்.

“அக்கா, இங்க ஒரு வெட்டு இருக்கணுமே.”

அக்கா திருதிருவென்று விழித்தார். “என் கத்தரிதான் வழுக்கிடுச்சுன்னு நெனச்சேன். தைச்சுட்டேன்.”

கூடமே சிரித்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது என்ன வெட்டு என்று கேட்டார். படகு விசிறி வெட்டியது என்றாள் அவள். அக்கா தரையில் உட்கார்ந்து தையலைப் பிரித்தார். ஒட்டு விழுந்தது. திறந்த பிளவுக்குள் கையை விட்டார். தோள் வரைக்கும் போனது. சிரிப்பு நின்றுவிட்டது.

அக்கா தலைவரைப் பார்க்கவில்லை. வீட்டுக்காரரைப் பார்த்தார்.

“துணின்னா நான் இருக்கேன். அதுக்கு யாருங்க இருக்கா?”

அவர் அந்தப் பிளவைப் பார்த்துவிட்டு எழுந்தார். “அந்த எடத்துல மெதுவாவே போறோம் தலைவரே. சவாரி வர்றவங்களுக்கும் மீன் நல்லாத் தெரியும்.” மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். அன்றே விதி எழுதப்பட்டது.

துணிமீன் அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனது. பிள்ளைகள் அதன்மேல் வரிசையாகப் படுத்து நீளம் பார்த்தார்கள். கடலில் யாராவது வேகமாகப் போனால் முதலில் கத்துகிறவர் அக்காவின் வீட்டுக்காரர்தான். துடுப்பின் வெட்டு மட்டும் பிரித்தது பிரித்தபடியே இருந்தது.

அடுத்த வருஷம் ஆராய்ச்சிக்காரப் பெண்ணுக்கு வேறொரு கடற்கரைக்கு மாற்றல் வந்தது. பேருந்து நிலையத்தில் அக்கா அவள் பையின் தையலை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அவளுக்காக வேண்டிக்கொண்டார். வண்டி கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து சொன்னார்:

“அங்கயாவது கிழிசல் இல்லாத மீனாப் பாத்து அளவு எடுத்து அனுப்பு தங்கச்சி. அந்த ஓட்டையைத் தைக்காம விட்டதுல என் கை இன்னும் துறுதுறுன்னே இருக்கு.”