இரவல் சைக்கிள்

சட்டக் கல்லூரியில் முதல் வருடம் எங்களுக்கு ரோமானியச் சட்டமும் ஒரு பாடம். மைசூரில் வக்கீலாகப் போகிறவர்களுக்கு அது எதற்கு என்று கூடப் படித்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். எனக்கு என்னவோ அது பிடித்துப்போயிற்று. அந்தக் காலத்துச் சட்ட அறிஞர்கள் ஒரு சின்ன வழக்கை எடுத்துக்கொள்வார்கள். அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள். தெரிந்து செய்திருந்தால்? தெரியாமல் செய்திருந்தால்? எதிராளிக்கும் தெரிந்திருந்தால்? ஒவ்வொரு தடவையும் பொறுப்பு யார் பக்கம் நகர்கிறது என்று கவனிப்பார்கள். கணக்குப் போடுவதுபோல எனக்கு அதில் ஒரு குஷி.

அப்பா ரயில்வே பணிமனை அலுவலகத்தில் கிளார்க். குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் சத்தம் போட்டுப் படிக்கிறவள். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். சாயங்காலங்களில் அப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கேட்பார்.

அந்த வருடம் சாமுண்டி கோயிலில் விசேஷமான ஆஷாட வெள்ளியன்று அடுத்த வீட்டுக்காரர் அப்பாவின் சைக்கிளை இரவல் வாங்கிப் போனார். அவர் பணிமனையில் ஃபிட்டர், தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கத்துத் தமிழர். மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சாமுண்டி மலைக்குப் போனார். அடிவாரத்தில் சைக்கிளை விட்டுவிட்டுப் படியேறி, சாமி கும்பிட்டு இறங்கி, ஊருக்கு வரும் இறக்கத்தில் விழுந்துவிட்டார்கள். குறுக்கே ஒரு மாட்டுவண்டி வந்திருக்கிறது, பிரேக் பிடிக்கவில்லை. அவருக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவர் மனைவிக்கு, நான் அக்கா என்று கூப்பிடுகிறவருக்கு, தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்து வந்தும் ஒரு கால் குட்டையாகிவிட்டது. கோலூன்றித்தான் நடந்தார்.

மார்கழியில், அவரைக்காய் சீசனில் ஒரு நாள், இரவல் பற்றிய பகுதியைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒருவன் ஓட்டைப் பாத்திரம் என்று தெரிந்தே அதை இரவல் கொடுக்கிறான். வாங்கியவன் எண்ணெய் ஊற்றுகிறான், எல்லாம் ஒழுகிவிடுகிறது. கொடுத்தவன் காசு வாங்காமல் உபகாரமாகத்தான் கொடுத்தான். ஆனாலும் நஷ்டத்துக்கு அவனே பொறுப்பு.

"தெரியாம குடுத்திருந்தா?" என்று அப்பா கேட்டார்.

தெரியாமல் கொடுத்தால் அவன்மேல் தப்பில்லை என்றேன். அப்பா நாற்காலியைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"பிரேக் கட்டை தேஞ்சிருந்தது எனக்குத் தெரியும்மா. மாத்தணும் மாத்தணும்னு தள்ளிப் போட்டுண்டே இருந்தேன்."

பார்த்துப் போங்கள் என்று அவர் சொல்லி அனுப்பியது என் காதில் விழுந்ததே என்று நினைவுபடுத்தினேன்.

"அது எல்லார்கிட்டயும் சொல்றதுதானே" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பக்கத்து வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். அப்பா உட்காரவில்லை. நின்றபடியே, பிரேக் சரியில்லை என்று தெரிந்தும் சொல்லாமல் சைக்கிளைக் கொடுத்ததைச் சொல்லி முடித்தார்.

அக்காவின் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் தெரியுமுங்கண்ணா. வாசல்லயே புடிச்சுப் பாத்தேன், சரியா நிக்கல. மெதுவா போனா ஆச்சுன்னு எடுத்துட்டுப் போயிட்டேன்."

எனக்குச் சட்டென்று வெளிச்சமானது போல இருந்தது. குறை இருப்பது வாங்கியவருக்கே தெரிந்திருக்கிறது. அப்படியானால் கொடுத்தவர்மேல் பொறுப்பில்லை. அதை அங்கேயே சொல்லியும்விட்டேன். அப்பாவை மீட்டுவிட்ட சந்தோஷம் என் குரலில் இருந்திருக்க வேண்டும்.

அக்கா கையிலிருந்த காயை முறத்தில் போட்டார். "ரெண்டு பேருத்துக்கும் தெரிஞ்சிருக்குது. எனக்கு ஒருத்தருஞ் சொல்லல." பிறகு என்னைப் பார்த்தார். "உன்ற புஸ்தகத்துல பின்னால உக்காந்தவளுக்கு என்ன போட்டிருக்குது கண்ணு?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு முகம் சுட்டது. தெரியவில்லை அக்கா என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் கேட்டேன். இரவல் என்பது கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் உள்ளது, மூன்றாமவர் அதில் வரமாட்டார் என்றார். வேறு வழியில் மருத்துவச் செலவையும் போன கூலியையும் கேட்கலாமாம். ஊனத்துக்கு மட்டும் ஈடு கிடையாதாம், அடிமையல்லாத மனிதரின் உடலுக்கு விலை போட முடியாது என்பது ரோமானியர்கள் கொள்கையாம். நல்ல கேள்வி, பரீட்சைக்கு வராது என்று சிரித்தார். நான் அதை அக்காவிடம் போய்ச் சொல்லவில்லை.

அடுத்த சில நாட்கள் அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே கேட்கவில்லை. அக்காவின் கணவர்தான் சமைத்தார். அப்பா தினமும் காலையில் தெருக்குழாயில் அவர்கள் வீட்டுக் குடங்களை நிரப்பி வாசலில் வைக்க ஆரம்பித்தார். அக்கா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சந்தோஷம் என்றும் சொல்லவில்லை. அப்பா ஆபீஸ் போன பிறகுதான் குடங்கள் உள்ளே போகும்.

ஒன்றரை வருடம் கழித்து அவர்களுக்கு அரசிக்கெரெக்கு மாற்றலாயிற்று. சாமான்களை வண்டியில் ஏற்றிய பின் அக்கா கோலை ஊன்றி எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவிடம் குங்குமம் வாங்கிக்கொண்டார், என் கன்னத்தைத் தடவினார். அப்பாவிடம், "போயிட்டு வர்றோமுங்க" என்றார்.

அப்பா தலையசைத்தார். அக்கா இன்னும் ஏதாவது சொல்வாரோ என்று காத்திருந்தார். அக்கா கணவரின் தோளைப் பிடித்து மெதுவாக வண்டியில் ஏறினார். வண்டி தெருக்கோடியில் திரும்பிய பிறகும் அப்பா வாசலை விட்டு உள்ளே வரவில்லை.