முன்வரிசைக்கு வந்த புதுப் பால்

பேருந்து ஓட்டுகிற அவளுக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. எதிரே யார் குறுக்கிட்டாலும் ஹாரன்தான் முதலில் பேசும். அப்பேர்ப்பட்டவள் அன்று ஆய்வுக்கூடத்தில் முடிவுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தாள். மடியில் மூன்று மாதப் பொடிசு. மறுநாள் வேலைக்குத் திரும்ப வேண்டும். காய்ச்சல் காலம், பேருந்து முழுக்க இருமல். பொடிசுக்கோ ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி போடும் வயது ஆகவில்லை. நோயை நாமே வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவோமோ என்ற பயம் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

போன மாதம்தான் அவள் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டாள். அதற்கு முன்பும் பின்பும் எடுத்த தாய்ப்பாலை ஆய்வுக்குக் கொடுத்திருந்தாள்.

நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்தார். "அக்கா, முன்னாடி குடுத்த பாலைவிட இப்போ நோய எதிர்க்கிற ஆன்டிபாடி எக்கச்சக்கமா ஏறியிருக்கு. குழந்தை குடிக்கக் குடிக்க அதுவும் உள்ள போகும்."

"அப்போ காய்ச்சலே வராதா?"

"அப்படிச் சத்தியம் பண்ண முடியாதுக்கா. ஆனா நல்ல துணை. கைய கழுவுங்க, மாஸ்க் போடுங்க, பால மட்டும் நிறுத்திடாதீங்க."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. என் உடம்பா இவ்வளவு வேலை பார்த்திருக்கிறது! வழியெல்லாம் பொடிசிடம் பீற்றிக்கொண்டே வந்தாள்.

வீட்டில் கணவன் ஃப்ரீசரைத் திறந்து வைத்துக்கொண்டு பெருமையாக நின்றான். அவனுக்குச் சரக்குக் கிடங்கில் வேலை. பழைய சரக்குதான் முதலில் வெளியே போக வேண்டும் என்பது அங்கே வேதவாக்கு. அவள் இரண்டு மாதமாகச் சேர்த்த பால் பைகளையும் அப்படியே அடுக்கியிருந்தான்.

"பழசு முன்னாடி, புதுசு பின்னாடி. நாளைக்கு நீ வேலைக்குப் போனதும் எடுத்துக் குடுக்க எனக்குக் குழப்பமே இல்ல."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்னால் இருந்ததெல்லாம் ஊசிக்கு முந்தின பால்!

"ஏங்க, கெடுத்தீங்களே காரியத்த! புதுப் பாலுலதான் ஆன்டிபாடி ஏறியிருக்காம். ஊரெல்லாம் இருமி முடிக்கிற வரைக்கும் அத உள்ள பூட்டி வெச்சு என்ன பண்றது?"

"பழசு வீணாப் போயிடுமே…"

"அதுவும் நல்ல பால்தான். கெடறதுக்குள்ள பின்னாடி குடுத்துக்கலாம்."

அந்த நேரம் பார்த்துப் பொடிசு ஒரு தும்மல் போட்டது. அவ்வளவுதான். மனிதன் கிடங்காவது விதியாவது என்று எல்லாவற்றையும் வெளியே இழுத்து, புதுசை முன்வரிசைக்குக் கொண்டுவந்தான்.

மறுநாள் மதியம், கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியதும் அவன் அனுப்பிய படத்தைப் பார்த்தாள். பொடிசின் கடைவாயில் பால் வழிந்திருந்தது. பக்கத்தில் காலியான பை, ஊசிக்குப் பிந்தைய தேதியோடு.

எதிரே ஒரு ஈ காக்காய் இல்லை. ஆனாலும் அவள் ஹாரனை ஓங்கி அழுத்தினாள்.