மாஸ்டரின் காலப்பிரமாணம்

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஆள் கிடைக்கும். அவர் மேடையில் டிரம்ஸ் வாசித்துக் கேட்டவர்களைப் பிடித்தால் போதும். நான் ஒரே கூரையின்கீழ் அவரோடு பதினொரு வருடம் குப்பை கொட்டியவள். என்னிடம் கேட்டால் இப்படித்தான் வரும்.

எல்லோரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிட வேண்டும். யாரும் கொடுத்த பட்டம் இல்லை, அவரே சூட்டிக்கொண்டது. அவர் வாயில் நாளைக்கு இருபது தடவை வரும் வார்த்தை காலப்பிரமாணம். ஒரு பாட்டை எந்த வேகத்தில் எடுக்கிறோமோ, கடைசி அடிவரை அதே வேகத்தில் கொண்டுபோய் இறக்குவதற்குப் பெயர் அது. மெதுவாகப் பாடுவது தப்பில்லை, விரைவாகப் பாடுவதும் தப்பில்லை, நடுவழியில் கூட்டுவதுதான் தப்பு என்பார். கைதட்டல் விழுந்ததும் பாடகர்கள் தலைகால் புரியாமல் ஓட ஆரம்பிப்பார்களாம். இவர் மட்டும் இம்மியும் நகரமாட்டாராம். ஒருமுறை மேடையிலேயே, மைக் திறந்திருக்கும்போதே, ஒரு பாடகரைப் பார்த்து, "ஓடாதய்யா. ஓடறவன் திருடன்" என்று சொல்லிவிட்டார். அந்தக் குழுவில் அதுதான் அவருக்குக் கடைசிக் கச்சேரி. அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வார்.

மேடையோடு விட்டாரா என்றால் இல்லை. மாடிப்படியில் கடைசி மூன்று படியை நான் தாவி ஏறினால் காலப்பிரமாணம் போச்சு. அக்கா துணி துவைக்கும்போது அவசரப்பட்டால் காலப்பிரமாணம் போச்சு. கல்யாணமான மறுநாளிலிருந்து தினமும் காலையில் அரைமணி நேரம் அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்து தாளம் போடவேண்டும். அவர் ஒரு ரப்பர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாதகம் செய்வார். அடுப்பில் பால் பொங்கினாலும் அவள் எழக்கூடாது. கை கொஞ்சம் முந்தினால் குச்சியால் அவள் முழங்காலில் ஒரு தட்டு விழும். செல்லமாகத்தானே என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒவ்வொரு குழுவாகச் சண்டை போட்டு வெளியே வந்து, கடைசியில் நாலு வருடம் வீட்டில் உட்கார்ந்தார். அந்த நாலு வருடமும் அக்காவின் காலர்தான் எங்களுக்குச் சோறு போட்டது. அவளும் நானும் ஒரே சட்டைத் தொழிற்சாலையில், ஒரே லைனில் இருந்தோம். ஆறாம் நம்பர் மெஷினில் அவள் காலர் வைப்பாள். அடுத்த மெஷினில் நான் கை வைப்பேன். அந்த நாற்காலியில் அவள் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருந்தாள். பிறந்த வீட்டில் அவளுக்கு ஒரு மூலை கிடைத்ததில்லை, புகுந்த வீட்டிலும் அதே கதைதான். அவள் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் இருந்தது அந்த மெஷின் ஒன்றுதான்.

அங்கேதான் வந்து சேர்ந்தார் மகாராஜா. புது மேனேஜருக்கு யாரோ ஓதியிருக்கிறார்கள், பாட்டுப் போட்டால் ஆட்கள் அலுக்காமல் தைப்பார்கள் என்று. ஹாலுக்கு மேலே ஒரு கண்ணாடி அறை, ஒரு கம்ப்யூட்டர், சுற்றிலும் எட்டு ஸ்பீக்கர். பாட்டுப் போட மாஸ்டர்.

வேலையில் சேர்ந்த அன்று வீட்டில் ஒரு உத்தரவு போட்டார். "நான் உன் புருஷன்னு அங்க யாரும் மேனேஜர்கிட்ட சொல்ல வேணாம். ஆபீஸ் ஆளும் லைன் ஆளும் ஒரே வீடுன்னா மரியாதையா இருக்காது." யாருக்கு மரியாதை என்று நான் கேட்க வாயெடுத்தேன். அக்கா கண்ணால் அடக்கினாள். லைனில் இருந்த அத்தனை பெண்களுக்கும் அவரைத் தெரியும். மேனேஜருக்கு மட்டும் தெரியாது.

முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் எல்லோருக்கும் சாயங்காலமானால் தோள் கழன்று விழுவதுபோல வலித்தது. தண்ணீர் குடிக்க எழுந்தாலே ஏதோ பின்தங்கிவிட்ட மாதிரி படபடப்பு. மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை என் ஆள்காட்டி விரல் நகத்தில் ஊசி இறங்கியது. ஒன்பது வருடத்தில் எனக்கு அப்படி ஆனதே இல்லை.

கட்டுப் போட்டுவிடும்போது அக்கா தலை நிமிராமல் சொன்னாள்: "அவர் கூட்டறாருடி. ஒவ்வொரு பாட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமா. காலைல போடற வேகம் நாலு மணிக்கு இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? தெனம் அரைமணி நேரம் அடிவாங்கிக் கத்துக்கிட்டது."

அன்று சாப்பிடும்போது நான் நேராகவே கேட்டேன். "மாமா, பாட்டை ஓட்டறீங்களா?"

அவர் மழுப்பக்கூட இல்லை. கம்ப்யூட்டரில் குரல் கீச்சிடாமல் வேகத்தை மட்டும் ஏற்றலாம் என்று வகுப்பெடுத்தார். "ஒரேயடியா ஏத்தினா முழிச்சுக்குவாங்க. நூத்துக்கு ரெண்டு ரெண்டா ஏத்தணும். காலுக்கே தெரியாம பெடல் கூட வரும். மணிக்கு அறுபது சட்டை போனது இப்ப எழுபத்திரண்டு போகுது. மேனேஜர் கைகுடுத்தார் தெரியுமா?"

"ஓடறவன் திருடன்னு சொன்னது யாரு?"

"அது சங்கீதம். இது தொழில். ரெண்டையும் போட்டுக் குழப்பாத."

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே, "இந்த ஓட்டம் வேணாங்க. பாவம், எல்லாருக்கும் கை போகுது" என்றாள்.

"என் வேலை போனா பரவால்லையா உனக்கு?"

நாலு வருடம் உட்கார வைத்துச் சோறு போட்டவளிடம் கேட்கிற கேள்வி அது. என் தட்டை அவர் தலையில் கவிழ்க்காமல் இருந்ததற்கு இன்றும் வருத்தப்படுகிறேன்.

மறுநாளிலிருந்து அக்கா சண்டை போடவில்லை, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. காலையில் எடுத்த வேகத்தைச் சாயங்காலம் வரை பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். ஸ்பீக்கர் என்ன ஓட்டம் ஓடினாலும் நிமிடத்துக்கு ஒரு காலர், அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. உதடு மட்டும் லேசாக அசையும், எண்ணிக்கொண்டிருப்பாள். அவளிடமிருந்து காலர் வந்தால்தான் நான் கை வைக்க முடியும், என்னிடமிருந்து போனால்தான் அடுத்தவள் பக்கம் மூட்ட முடியும். அவளுக்கு முன்னால் இருந்தவர்களும் துணி குவியாமல் கையை அடக்கினார்கள். அதனால் எங்கள் லைன் முழுக்க அவள் வேகத்துக்கு வந்து நின்றது. இரண்டே நாளில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. பக்கத்து லைன்கள் எழுபத்திரண்டில் திணறும்போது நாங்கள் அறுபதில் சிரித்துப் பேசிக்கொண்டு தைத்தோம். அந்த நாலு நாள்போல அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் மேனேஜர் மாஸ்டரை அழைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார்.

"என்ன மாஸ்டர், உங்க வித்தை இந்த லைன்ல மட்டும் பலிக்கல? யாரு இழுத்துப் பிடிக்கறாங்க? சூப்பர்வைசருக்குக் கண்டுபிடிக்கத் தெரியல. உங்களுக்குத்தான் காது ஆச்சே."

பத்துப் பன்னிரண்டு மெஷின் ஒன்றாகக் கத்தும் இரைச்சல். மாஸ்டர் கண்ணை மூடி நின்றார். தெரியவில்லை சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனிதர் நம்பிக்கொண்டு போய்விடுவார். லைனில் அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தோம்.

"ஆறாம் நம்பர் மெஷின் சார்" என்றார்.

மேனேஜர் அக்காவைப் பார்த்தார். "இவங்களா? ரொம்ப நாள் ஆள் மாதிரி இருக்காங்களே. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்ல சார். பாத்ததில்ல."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மேனேஜர் மட்டும் எதுவும் புரியாமல், "அப்ப கணக்கை முடிச்சுக்கச் சொல்லுங்க" என்று சூப்பர்வைசரிடம் சொன்னார்.

அக்கா கையில் இருந்த காலரை விடவில்லை. மீதித் தையலை அதே வேகத்தில் ஓட்டி முடித்து, நூலை வெட்டி, சட்டையை என் பக்கம் தள்ளினாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து அவர் எதிரே போய் நின்றாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாடகைச் சீட்டு என் பேர்ல இருக்குங்க" என்றாள். குரல் கொஞ்சமும் உயரவில்லை. "உங்க துணிமணியை வாசல்ல வெச்சிடறேன். வேலை முடிஞ்சதும் எடுத்துக்கங்க. உள்ள வர வேணாம். முன்ன பின்ன பாக்காத ஆம்பளைய வீட்டுக்குள்ள விடறதில்ல."

மேனேஜர் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா கதவுப் பக்கம் நடந்தாள். நான் என் மெஷினை அணைத்துவிட்டு அவள் பின்னாலேயே போனேன்.