ஒரு ஜன்னல் அளவு நீலம்

என் மகளின் ஓவியத்தைக் கெடுத்தவள் நான். கெடுத்துவிட்டு, பழியை அவள் மீதே போட்டேன். அவளுக்கு ஏழு வயது... இன்றுவரை உண்மை தெரியாது.

அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

தில்லி மோதி பாக்கில் அரசுக் குடியிருப்பில் இருக்கிறோம். எல்லாக் கட்டடங்களும் ஒரே மஞ்சள், ஒரே மாதிரி ஜன்னல்கள். குடிவந்த புதிதில் யாழினி வேறொரு மாடிப்படியில் ஏறிப்போய், தெரியாத கதவின் முன் அழுதுகொண்டு நின்றாள். அன்றிலிருந்து வெளியே கிளம்பும்போதெல்லாம் முன்னறை விளக்கை எரியவிட்டே போவோம். திரும்பும்போது ஆட்டோவிலிருந்தே, “பையா, வோ லைட் வாலா கர்!” என்று, விளக்கு எரியும் வீட்டைக் காட்டி ஓட்டுநருக்கு வழி சொல்வாள்.

பள்ளியில் நீர்வண்ணப் போட்டி. ஒரு கட்டடமும் மரங்களும் வீட்டிலேயே வரைந்து கொண்டுபோக வேண்டும். யாழினி எங்கள் கட்டடத்தையே வரைந்தாள். முன்னால் இரண்டு வேப்பமரங்கள். ஈரத் தாளில் பச்சையைத் தொட்டு வைத்து, அது தானே பரவ விட்டிருந்தாள். ஜன்னல்களுக்கெல்லாம் கருநீலம். ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் வெறும் தாள்.

போட்டியன்று காலை அவள் குளிக்கப் போயிருந்தாள். அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் மற்ற பிள்ளைகளின் படங்கள் வந்து விழுந்தன. என்ன நேர்த்தி! இவள் ஒரு ஜன்னலையே மறந்துவிட்டாளே... ‘கொஞ்சம் நீட்டாகச் செய்யச் சொல்லுங்கள்’ என்று ஆசிரியை போன முறை சொன்னது வேறு உறுத்தியது. தூரிகையை எடுத்தேன். ஒரே இழுப்பு, அந்த ஜன்னலும் நீலம்! காய்ந்ததும் சுருட்டி அவள் பையில் வைத்தேன்.

பெற்றோர் கூட்டத்தன்று படம் சுவரில் இருந்தது. இரண்டாம் பரிசு. யாழினி வெகுநேரம் அதையே பார்த்தாள்.

“அம்மா, நம்ம வீட்டு லைட்டை யாரு ஆஃப் பண்ணது?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் மற்ற அம்மாக்கள் நின்றார்கள்...

“நீதான் தண்ணி ஜாஸ்தியா எடுத்துட்ட போல கண்ணம்மா. பக்கத்துக் கலர் பரவிடுச்சு.”

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். “சாரிம்மா” என்றாள். என்னிடம்!

படத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அந்த ஜன்னலை ஈரப் பஞ்சால் ஒற்றிப் பார்த்தேன். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது விட்டுவைத்த தாள்தான். அது அவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. நீலம் போகவில்லை. தாள்தான் நார் நாராக எழும்பி வந்தது.

இப்போதெல்லாம் அவள் தூரிகையை நனைத்ததுமே துணியில் ஒற்றிவிடுகிறாள். “தண்ணி ஜ்யாதா ஆயிடுச்சாம்மா?” ஒவ்வோர் இலைக்கும் கேட்கிறாள். மரங்கள் வறண்டு, குச்சி குச்சியாக...

கணவரிடம் சொன்னேன். “அரே, இதுக்குப் போயா? அவ எப்பவோ மறந்திருப்பா” என்று சிரித்தார். மறந்தவள் ஏன் கேட்கிறாள்? இத்தனை நாள் கழித்துச் சொன்னால், இனி நான் சொல்லும் எதையாவது நம்புவாளா? சொல்லாமல் இருப்பது அவளுக்காகவா, எனக்காகவா?

நேற்று மாலை மறுபடியும் அதே கட்டடத்தை வரைந்தாள். ஒரு ஜன்னல் விடாமல் எல்லாவற்றையும் நீலத்தால் அடைத்திருந்தாள்.

“இப்ப நீட்டா இருக்காம்மா?”

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். “நல்லா இருக்குடா” என்றேன்.

இதில் நம் வீடு எது என்று கேட்க எனக்குத் துணிவில்லை.