நீல ட்ரம்மில் இருந்தது

ஒரகடத்துத் தொழிற்சாலையில் எங்கள் லைனில் எந்தத் திரவத்துக்கும் பெயர் கிடையாது, நிறம்தான் உண்டு. பாகங்களைக் கழுவுவது நீல ட்ரம், அவ்வளவுதான். அதன் பக்கத்தில் நின்று கழுவியவள் என் அறைத்தோழி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. மூன்று மாதமாக முழுகாமல் இருந்தாள். தெரிந்தால் கான்ட்ராக்டை முடித்து அனுப்பிவிடுவார்கள் என்று என்னைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை.

தினமும் அவளுக்குத் தலைவலி. கேட்டால், "மசக்கைதாம்ட்டி" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேக்கிங்கில் இருந்த நான் ஒருநாள் சூப்பர்வைசரிடமே போய் அது என்ன திரவம் என்று கேட்டேன்.

"உனக்கு இன்னாத்துக்கும்மா அதெல்லாம்? கழுவுற தண்ணி, அவ்ளோதான்."

தண்ணியாம்! மூடியைத் திறந்தாலே கண் எரிகிறது.

லைனில் போனுக்கு அனுமதி இல்லை. ட்ரம்மில் படிந்திருந்த அழுக்கைத் துடைத்து, லேபிளில் இருந்த ஆங்கிலப் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். வியர்வையில் அழிந்துவிடக் கூடாதே என்று கம்பெனி பஸ்ஸில் கம்பியைக்கூடப் பிடிக்காமல் கையை விரித்தபடியே வந்தேன். தள்ளாடிய என்னைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அறைக்கு வந்து போனில் தேடினோம். உலக நாடுகள் சேர்ந்து நடத்தும் அமைப்பு ஒன்று அந்தத் திரவத்துக்கென்றே இரண்டு பக்கப் பாதுகாப்பு அட்டை போட்டு வைத்திருந்தது. பாஸ்வேர்டு இல்லை, காசு இல்லை, நீ யார் என்று கேட்கவும் இல்லை. அந்த முகம் தெரியாத புண்ணியவான்களைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தமிழுக்கு மாற்றி வாசித்தேன்: மூச்சில் போகக் கூடாது, மாஸ்க், கையுறை அவசியம், கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கலாம்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு நீ பேக்கிங்ல நில்லு. நான் வாஷிங்ல நிக்கிறேன். யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றேன்.

"ஏட்டி, அப்ப ஒனக்கு மூச்சு இல்லியா?"

"சும்மா கெடடி."

மறுநாள் ஷிப்ட் தொடங்கியதும் நீல ட்ரம் பக்கத்தில் போய் நின்றேன். அவள் பேக்கிங்குக்குப் போகவில்லை. கையில் ஒரு நோட்டுத் தாள். அட்டையில் இருந்ததை முழுக்கத் தமிழில் எழுதியிருந்தாள். நேராகப் போய் சூப்பர்வைசரிடம் அதை நீட்டினாள்.

"சார், நான் மாசமா இருக்கேன்" என்றாள், லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி. "என்னைய வேலைய விட்டு அனுப்புனாலும் சரி. இதுல போட்டிருக்க மாஸ்க் வராம இவ அங்க நிக்க மாட்டா."