சீலை கட்டிய ஸ்பெயின்காரி

ஸ்பெயின் தேசத்து மாதா சிலைக்கு மைசூரில் சேலை கட்டிவிட்டவன் நான்தான். டீக்கடையில் உட்கார்ந்தால் இதைச் சொல்லாமல் எழுந்ததில்லை. முழுப் பொய். கட்டிவிட்டது என் அம்மா. நான் அப்போது ஒரு படுக்கை விரிப்புக்கு வெளியே, டவுசரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். டவுசருக்குப் பொத்தான் இல்லை. கதையில் இது ஒன்றுக்கு மட்டும் நான் சத்தியம் செய்வேன்.

எங்கள் மைசூர் மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாற்றிய புதிது. கொள்ளேகால் பக்கத்திலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்த அப்பா, கிடைத்த வேலையெல்லாம் செய்துகொண்டிருந்தார். அப்படிக் கிடைத்ததுதான் கண்காட்சிக் காவல் வேலை. ஸ்பெயினிலிருந்து ஓவியங்களும் சிலைகளும் கப்பலேறி, தேசமெல்லாம் சுற்றிக்கொண்டு, எங்கள் ஊரில் ஒரு பழைய பங்களாவில் வந்து இறங்கியிருந்தன. கண்காட்சி வம்பு தும்பு இல்லாமல் முடிந்தால், அப்பாவை அதே பங்களாவில் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக அதிகாரி வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டில் நாங்கள் மூவரும் தும்முவதற்குக்கூட யோசித்துக்கொண்டிருந்த காலம் அது.

அம்மா அங்கே கூட்டித் துடைக்கப் போனாள். நான் அவளோடு போனேன். பள்ளிக்கூடம் ஏன் போகவில்லை என்று கேட்டால் என்னிடம் பத்துக் காரணம் உண்டு. வாத்தியாரிடம் இருந்தது ஒரே ஒரு பிரம்புதான், ஆனால் அது என் பத்தையும் விட நீளம்.

பங்களா வாசலில் ஒரு பெரிய பலகை வைத்திருந்தார்கள். நம் தேசத்துக்கும் ஸ்பெயினுக்கும் பொதுவாக என்னென்ன இருக்கிறது என்று எழுதியிருந்ததாம். படித்தவர்கள் அதன் முன்னால் நின்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். நானும் போய் நின்று தலையாட்டிவிட்டு வருவேன்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் கடைசிப் பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே மரத்தில் செய்த ஒரு மாதா. முகம் அச்சு அசல் பெண் முகம். கன்னத்தில் கண்ணாடியில் செய்த கண்ணீர்த் துளிகள். கைகள் இரண்டும் அவ்வளவு அழகு. ஆனால் கழுத்துக்குக் கீழே உடம்பு என்று ஒன்றுமில்லை. இடுப்புவரை கரடுமுரடான மரம், அதற்குக் கீழே பந்தல் போட நட்ட மாதிரி நாலு குச்சிகள். உடுத்திவிடுவதற்காகவே செய்த சிலையாம். உடுப்புப் பெட்டி இன்னும் வந்து சேரவில்லை. இருக்கிறபடியே இருக்கட்டும், யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பிப் போனார்.

துடைப்பத்தோடு வந்த அம்மா சிலைக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, இவள இப்படியேவா நிக்க வெப்பாங்க?"

"துணிப்பொட்டி மெட்ராஸ் ஆர்பர்ல கெடக்குதாமா. வந்தா உடுத்துவாங்களாமா" என்றார் அப்பா.

"அதுவரைக்கும்?"

"அது மரம், புள்ள."

"மரத்துக்கு மூஞ்சி இருக்குதா? கண்ணுல தண்ணி நிக்குதா? நாளைக்கு ஊரே வந்து பாக்கப் போகுது. ஒரு பொம்பளய இந்தக் கோலத்துல நிறுத்திப்போட்டு, நீங்க வாசல்ல காவல் நிப்பீங்களாக்கும்."

"தொட்டா வேல போயிரும்."

அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். வீட்டுக்குப் போய்ப் பெட்டியடியிலிருந்த தன் கூறைச்சேலையையும் ஒரு படுக்கை விரிப்பையும் எடுத்து வந்தாள். மாதேஸ்வரன் மலைக் கோயிலில் சாமி அலங்காரத்தின்போது திரை போடுவார்கள் அல்லவா, அதுபோலக் கட்டச் சொன்னாள். வேலை போகப் போகிறது, வேலை போகப் போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே அப்பா ஆணி அடித்து விரிப்பைக் கட்டினார். கட்டிவிட்டு அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

நான் அடியில் குனிந்து நுழையப் பார்த்தேன். அம்மா காதைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

"ஆம்பளைங்களுக்கு இங்க என்னடா வேல?"

என்னை ஒருவர் ஆம்பளை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. டவுசரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நானும் அப்பா பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றேன்.

விரிப்பை அவிழ்த்தபோது குச்சிகளைக் காணோம். அரக்குச் சேலையில், கொசுவம் வைத்து, முந்தானையைத் தலைக்கு முக்காடாகப் போட்டுக்கொண்டு, எங்கள் தெருவில் யாரோ புதிதாகக் குடிவந்த மாதிரி அவள் நின்றாள்.

மறுநாள் காலையில் அதிகாரி, சிலையோடு வந்த ஸ்பெயின் தேசத்து அம்மாளை அழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். சேலையைப் பார்த்ததும் அவர் முகம் சேலை நிறத்துக்கு வந்தது.

"யாரு மாடித்து இது?"

யார் செய்த வேலை என்று கன்னடத்தில் கத்தினார், போலீஸ் என்றார், கேஸ் என்றார். மூலையில் துடைப்பத்தோடு நின்ற அம்மா ஓரடி முன்னால் வைத்தாள். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நானே சார் மாடித்து."

அதிகாரி அதை இங்கிலீஷில் சொன்னார். அதுவரை சேலையையே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாளின் முகம் சுருங்கிப்போனது. ஏதோ சொன்னாள். அதிகாரி அப்பாவிடம் கன்னடத்தில் கொட்டினார். அவர்கள் ஊரில் இந்த மாதாவைப் பெண்கள்தான் உடுத்துவார்களாம். பூசை செய்கிற சாமியாரைக்கூட அந்த நேரத்தில் வெளியே அனுப்பிவிடுவார்களாம். ஆண் கை பட்ட பிறகு இவளைச் சபையில் நிறுத்த முடியாது, பெட்டியில் வைத்து மூடுங்கள் என்கிறாளாம்.

"ஹோகு" என்று அதிகாரி அப்பாவுக்கு வாசலைக் காட்டினார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"சுள்ளு சார், சுள்ளு" என்று கத்தினேன். பொய் என்பதற்குக் கன்னடத்தில் என்ன வார்த்தை என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னைப் பார்த்து ஊரே சொல்கிற வார்த்தை அது. "எங்கம்மாதான் கட்டுனா. இவரு வெளிய முதுகக் காட்டிக்கிட்டு நின்னாரு. என்னயக்கூட உள்ள உடல."

அம்மா சுவரில் இருந்த ஆணிகளைக் காட்டினாள். "ஆம்பளைங்கள பக்கத்துல வெச்சுக்கிட்டு யாராச்சும் சீல கட்டிவிடுவாங்களாங்க? அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

அதிகாரி சொன்னார். அந்த அம்மாள் சிலைக்கு அருகே போய், கொசுவத்தின் மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். தன் தாயும் அவர்கள் ஊரில் இந்த மாதாவை உடுத்துகிற பெண்களில் ஒருத்தி என்றாளாம். பிறகு தன் சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, நழுவியிருந்த முக்காட்டைப் பிடித்துக்கொள்ளும்படி அம்மாவுக்குக் கை காட்டினாள். எங்கள் பக்கம் திரும்பி இன்னொரு கை காட்டினாள். அதிகாரி, அப்பா, நான் மூன்று பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம்.

அந்தச் சேலையோடுதான் கண்காட்சி நடந்தது. உடுப்புப் பெட்டி வந்த பிறகும் அந்த அம்மாள் மாற்றவில்லை. மைசூர்ப் பெண்கள் மல்லிகைப்பூ கொண்டுவந்து வைத்தார்கள். அப்பாவின் வேலை நிரந்தரமானது.

ஆனால் திறப்பு விழா அன்று வீடு திரும்பும்போது எனக்கு அப்பா மேல் அப்படி ஒரு கோபம்.

"அம்மா செஞ்ச வேலைக்கு நீ பேரு வாங்கப் பாக்கறியே, வெக்கமா இல்ல?" என்று நடுரோட்டில் கேட்டேன்.

அப்பா சிரிக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அம்மாதான் தொடையில் கிள்ளினாள். எப்போதும் பத்தடி பின்னால் வருகிறவள் அன்று அவர் தோளோடு தோளாக நடந்தாள். ஏமாளிப் பெண்பிள்ளை, இவ்வளவு நடந்தும் இந்த ஆளை மன்னித்துவிட்டாளே என்று அவள் மேலும் எனக்கு வருத்தம். நான் மன்னிக்கவில்லை. பல நாள் அவரோடு பேசவில்லை. அப்பா அன்று எதற்காக அப்படிச் சொன்னார் என்பது எனக்கு விளங்கியது ரொம்ப காலம் கழித்து, எனக்கும் கல்யாணமாகி, ஒரு நாள்...

இதோ, உள்ளேயிருந்து என் பெண்டாட்டி கூப்பிடுகிறாள். வீட்டு ஓனர் வந்து, மாடிக் குழாயை உடைத்தது யார் என்று கத்திக்கொண்டிருக்கிறார். குடத்தை இடித்துக் குழாயை உடைத்தது அவள்தான். இருங்கள், போய் நான்தான் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.