நாலாவது மேட்டு முடிச்சு

தடிக்காரன்கோணத்துக்கு மேலே எங்கள் மலையிலிருந்து இறங்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஃபாரஸ்ட்காரர்கள் வெட்டிய நடைபாதை. வளைந்து வளைந்து போகும் அதில் தலையில் புல்லுக்கட்டோடு இறங்கினால் கழுத்து ஒடிந்துவிடும், அரைநாளும் போய்விடும். இன்னொன்று வெறும் சரிவு. கூரைப்புல் அறுக்கப் போகும் பெண்கள் கமுகம்பாளையில் உட்கார்ந்து, புல்லுக்கட்டை மடியில் இறுக்கிக்கொண்டு, குதிகாலால் திசை திருப்பியபடி அதில் சறுக்கி இறங்கிவிடுவோம். நடைபாதையில் போகிறவளைக் கிழவி என்று கேலி செய்வோம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்தச் சரிவில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் நிறைய இருந்தது.

சரிவு வருஷத்துக்கு வருஷம் மாறும். மழை அரித்து, போன வருஷத்து வழியில் பள்ளம் விழுந்திருக்கும், பாறை துருத்திக்கொண்டிருக்கும். மழை விட்டதும் ஒருத்தி போய்ப் புது வழி பார்த்து முடிச்சுக் கட்டிவிட்டு வர வேண்டும். சரிவில் ஏழெட்டு மேடுகள் உண்டு. மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று மேலிருந்து வருகிறவளுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு கொத்துப் புல்லைச் சேர்த்து முடிந்து வைப்போம். ஒற்றை முடிச்சு என்றால் சோத்தாங்கைப் பக்கம் திரும்ப வேண்டும், இரண்டு முடிச்சு என்றால் பீச்சாங்கைப் பக்கம். ஒருத்தி இறங்கினால் புல் உடனே நிமிர்ந்துவிடும், தடம் தெரியாது. பத்துப் பேர் இறங்கும்வரை முடிச்சுதான் வழி. அதைக் கட்டுவதற்கு இரண்டு கட்டாயங்கள் உண்டு. மலைக்கு முதுகைக் காட்டி இறங்கும்போதுதான் கட்ட வேண்டும். கட்டியவள்தான் முதலில் சறுக்க வேண்டும்.

என் மைனி, அண்ணன் பெண்டாட்டி, மணவாளக்குறிச்சிக்காரி. கருமணலில் நடந்து வளர்ந்தவள், கல்யாணமாகி வந்த பிறகுதான் மலையைக் கிட்டத்தில் பார்த்தாள். முதல் வருஷம் பயந்து நடைபாதையிலேயே வந்தாள். நான்தான் அவளை இழுத்துக்கொண்டு போய்ப் பாளையில் உட்கார வைத்தேன். ஒரு தடவை இறங்கியதும் அவளுக்கு அதில் பைத்தியம் பிடித்துவிட்டது. எங்களுக்குச் சரிவு உடம்பிலேயே இருந்தது. மைனி மட்டும் ஒவ்வொரு முடிச்சையும் எண்ணிப் பார்த்துத்தான் திரும்புவாள்.

தமிழ்நாட்டோடு சேரப் போகிறோமா இல்லையா என்று டீக்கடைகளில் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷம், முடிச்சுக் கட்டும் முறை எனக்கு வந்தது. ஏறிப்போய்த் திரும்ப நடந்து இறங்கிக் கட்டுவதற்குச் சோம்பல். ஏறும்போதே கட்டிவிட்டு, இறங்கும்போது பாளையில் வந்துவிடலாம் என்று நினைத்தேன். ஏறுகிறவளுக்குக் கை மாறும் என்பது தெரியாமல் இல்லை. ஒவ்வொரு மேட்டிலும் திரும்பி நின்று, கீழே பார்த்து, பிறகுதான் முடிந்தேன். நாலாவது மேட்டில் காலில் அட்டை ஏறியிருந்தது. குனிந்து அதைப் பிய்த்தெறிந்துவிட்டு, குனிந்த வாக்கிலேயே புல்லைப் பிடித்து இரண்டு முடிச்சுப் போட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்று போட்டிருக்க வேண்டும்.

மறுநாள் எல்லோரும் புல்லுக்குப் போனபோதும் முறைப்படி நான்தான் முதலில் சறுக்கினேன். எந்த முடிச்சையும் நான் பார்க்கவே இல்லை. நாலாவது மேட்டில் என் உடம்பு தானாகச் சோத்தாங்கைப் பக்கம் சாய்ந்தது. கீழே ஓடைக்கரையில் நின்று மேலே கையசைத்தேன். அடுத்து வந்தவள் மைனி. மேட்டில் ஏறி அவள் பீச்சாங்கைப் பக்கம் திரும்புவதைப் பார்த்தேன். கத்தினேன். அந்தப் பக்கம் ஆளுயரத்துக்குப் பாறை இறக்கம்.

வேட்டியில் தூளி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, இனி நடக்கமாட்டாள் என்று மூன்றாம் நாள் சொல்லிவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே, இரண்டாம் நாள் காலையில், நான் தனியாக மலைக்குப் போய் ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு அண்ணனும் வேறு சிலரும் போய்ப் பார்த்தார்கள். ஒற்றை முடிச்சு சரியாக இருந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். கடற்கரைக்காரிக்குச் சோத்தாங்கை எது பீச்சாங்கை எது என்று தெரியவில்லை என்று ஊர் முழுக்கப் பேசியது. அண்ணனும் அதையே பேசினான். இரண்டு மாதம் கழித்து அவள் அப்பா மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அவளைக் கூட்டிக்கொண்டு போனார். மறு வருஷம் அண்ணன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். புது மைனிக்கு நான்தான் பூ வைத்துவிட்டேன். வாயைத் திறக்க எனக்கு எத்தனையோ நாட்கள் கிடைத்தன. ஒரு நாள்கூடத் திறக்கவில்லை.

நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மணவாளக்குறிச்சிக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஓலைப்புரைக்குள் பாயில் கிடந்தாள். முதுகில் புண் வைத்திருந்தது, கைகள் குச்சியாகிவிட்டிருந்தன. அண்ணனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்.

"ஏட்டி, உள்ளதச் சொல்லு. நாலாமத்த மேட்டுல ஒண்ணா, ரெண்டா? நான் ரெண்டுன்னுல்லா கண்டேன்."

அவள் அம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் நான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது வேறு. "ஒண்ணுதான் மைனி" என்றேன்.

அவள் இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் வைத்து, இதுவா அதுவா என்பதுபோல் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அப்பம் எனக்க கண்ணுதான் பொய் சொல்லியிருக்கு. இத்தன நாளும் உன்ன மனசுக்குள்ள சபிச்சிட்டுல்லா கெடந்தேன் மக்கா. பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டேன் என்று தலையாட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.